கராஜுக்கு மேலே உள்ள அறை குளிருகிறது. கதவுக்கு ஃபோம் ஒட்டினால் போதுமா?

வாசகி கேட்டிருந்தது:

"கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் 1996இல் கட்டிய வீடு எங்களுடையது. வீட்டோடு சேர்ந்த கராஜ், இரண்டு கார் நிற்கும். கதவு ஒற்றைத் தகரம்; 16 அடி அகலம், 7 அடி உயரம். அதற்கு மேலேதான் மகளின் அறை. மற்ற அறைகள் 21 டிகிரியில் இருக்கும்போது அவளுடைய அறை 16ஐத் தாண்டுவதில்லை. கதவை மாற்ற 3,200 டொலர் கேட்கிறார்கள். எங்களால் இப்போதைக்கு 300 டொலர்தான் ஒதுக்க முடியும். கடையில் வெள்ளி நிறத்தில் குமிழ் வைத்த சுருள் ஒன்று இருக்கிறது, ஆர்-8 என்று போட்டிருக்கிறது. வெள்ளை ஃபோம் பலகையும் இருக்கிறது. எதை ஒட்டலாம்? மாமி மீன் பொரிப்பதும் கராஜில்தான். அவவுக்கும் குளிர் குறைந்தால் நல்லது."

வணக்கம் தங்கச்சி,

உங்கள் 300 டொலருக்குள் அந்தக் கதவைத் திருத்திவிடலாம். கராஜில் குளிர் குறையும், காற்று அடிப்பது நிற்கும். ஆனால் மகளின் அறை 16இல் நிற்பதற்குக் கதவு மட்டும் காரணம் என்று நினைத்துக் காசைப் போட்டால், அடுத்த தை மாதமும் பிள்ளை இரண்டு போர்வையோடுதான் படுப்பாள். அதனால் அறையைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

கராஜுக்கு மேலே அறை உள்ள வீடுகளில் அறையின் தரைக்கும் கராஜின் உட்கூரையை மூடியிருக்கும் ஜிப்சம் தகட்டுக்கும் நடுவில் மரச்சட்டங்கள் ஓடும். அந்தச் சட்டங்களுக்கு இடையில் கண்ணாடி நார்ப் பஞ்சு வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளில் கட்டிய வீடுகளில் தகட்டை வெட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஒரே காட்சிதான்: பஞ்சு கீழே தகட்டின்மேல் படுத்திருக்கும், அதற்கும் மேலே உள்ள பலகைத் தரைக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் வெறும் இடம் இருக்கும். சட்டங்கள் வந்து முடியும் முன் சுவரில் காற்றுப் புகும் இடுக்குகள் இருந்தால், வெளிக் குளிர் அந்த வெற்றிடத்தில் நேரே ஓடி வந்து தரைப்பலகையைத் தடவிக்கொண்டு போகும். பஞ்சு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் காற்று அதற்கு மேலாகப் போகிறதே, என்ன பயன்? அந்த அறைக்குச் சூடு கொண்டுவரும் குழாயும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் ஓடுகிறது. ஃபர்னஸிலிருந்து நல்ல சூடாகக் கிளம்பும் காற்று மகளின் அறைக்கு வருவதற்குள் ஆறிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். மைனஸ் 10க்குக் கீழே போகும் ஓர் இரவில் அறைத் தரையில் உள்ளங்கையை வையுங்கள். அறை நடுவில் ஒருமுறை, தெருப்பக்கச் சுவரோரம் ஒருமுறை. சுவரோரம் சில்லென்று இருந்து நடுவில் அவ்வளவு இல்லையென்றால் காற்று முன்பக்கத்திலிருந்து வருகிறது. பிறகு ஹீட்டிங் ஓடும்போது சூட்டுக்காற்று வரும் வாயில் ஒரு சாதாரண வெப்பமானியை ஐந்து நிமிடம் வையுங்கள். பக்கத்து அறையிலும் அப்படியே வைத்துப் பாருங்கள். மகளின் அறையில் பல டிகிரி குறைவாகக் காட்டினால் குழாயில் இழப்பு இருக்கிறது. காட்டும் எண்களைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஆள் கூப்பிட்டு வேலை செய்யும் நாளில் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்காது.

அந்த வேலைக்குச் சரியான திருத்தம், கராஜ் கூரைத் தகட்டில் ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் துளை போட்டு, செல்லுலோஸை (காகிதத்தை அரைத்துச் செய்யும் பஞ்சு) அழுத்தமாக ஊதி நிரப்புவது. அப்படி நிரப்பினால் வெற்றிடமே இருக்காது. தகட்டைக் கழற்றி ஸ்பிரே ஃபோம் அடிப்பது அதைவிட நல்லது, ஆனால் செலவும் கூட, பிறகு மறுபடியும் தகடு போட்டு மூடியே ஆகவேண்டும். இரண்டுமே 300 டொலர் வேலை இல்லை. ஆனால் என்றாவது ஒருநாள் அந்த 3,200 டொலர் சேர்ந்தால், அது புதுக் கதவுக்குப் போகக் கூடாது, கூரைக்குப் போகவேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போதைக்குக் கையோடு செய்யக்கூடியது, சூட்டுக்காற்று வாயின் மூடியைக் கழற்றி, தகரப் பெட்டிக்கும் தரைப்பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கை அலுமினிய டேப்பால் ஒட்டுவது. அப்படியே தரையோடு ஓடும் சுவரோரப் பட்டிக்குக் கீழே கோக்கிங் (இடுக்கு அடைக்கும் பசை) இழுத்துவிடுவது. இருபது டொலருக்குள் முடியும்.

சரி, கதவுக்கு வருவோம்.

உங்கள் கதவு 112 சதுர அடி. ஒற்றைத் தகரத்துக்குக் குளிரைத் தடுக்கும் சக்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை; இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தையும் சேர்த்தால் ஆர்-1கூட வராது (ஆர் எண் கூடக் கூடத் தடுக்கும் சக்தியும் கூடும்). வெளியே மைனஸ் 15, கராஜுக்குள் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி அந்தத் தகரத்தின் வழியாக மட்டும் சுமார் 1,000 வாட் சூடு வெளியே போகிறது. ஒன்றரை அங்குல ஃபோமை வடிவாக வைத்தால், விளிம்புச் சட்டங்கள் வெறுமையாக நிற்பதையும் கழித்து, அது கால்வாசிக்கு இறங்கும். நல்ல இலாபம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் கராஜில் ஹீட்டர் இல்லை. வீட்டுச் சுவர் வழியாகக் கசிந்து வரும் சூடும், ஓடிவிட்டு வந்து நிற்கும் காரின் எஞ்சின் சூடும்தான் அங்கே உள்ள முதல். ஃபோம் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்து வைக்கும், கராஜ் சில டிகிரி உயரும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஹீட்டர் வாங்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1,500 வாட் ஹீட்டர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட் மின்சாரம். அந்தக் காசு இரண்டு குளிர்காலத்தில் கூரை வேலையின் ஒரு பகுதியாகிவிடும்.

ஃபோமுக்கும் முன்னால் செய்யவேண்டியது இடுக்கு அடைப்பது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் 46 அடி. சுற்றிவர எட்டில் ஓர் அங்குலம் இடைவெளி இருந்தால் போதும், எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 70 சதுர அங்குலம் வருகிறது. ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்குக் கதவில் வட்டமாக ஓட்டை போட்டுவிட்டு அதைச் சுற்றி ஃபோம் ஒட்டுகிற மாதிரித்தான் ஆகும். 1996இல் போட்ட றப்பர்கள் மாற்றப்படாமல் இருந்தால் எட்டில் ஓர் அங்குலம் என்பதுகூடக் குறைவான கணக்கு.

பகலில் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் பழகியதும் வெளிச்சம் எங்கெங்கே கோடாகத் தெரிகிறது என்று பாருங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் கட்டாயம் தெரியும். காற்றுள்ள நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி விளிம்போரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேரே மேலே போகாமல் உங்கள் பக்கம் மடிகிற இடமெல்லாம் காற்று வருகிற இடம். அந்த இடங்களில் சோக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள்.

கதவின் அடியில் ஓர் அலுமினியத் தண்டவாளத்துக்குள் செருகிய றப்பர் இருக்கும். அதன் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். றப்பரின் மேல் விளிம்பு தண்டவாளத்துக்குள் போகும் வடிவம் கதவுக்குக் கதவு வேறு. கண் மதிப்பில் வாங்கினால் திரும்பப் போகவேண்டி வரும். வினைலில் செய்ததும் இருக்கும், ஈ.பி.டி.எம். என்ற செயற்கை றப்பரும் இருக்கும். சில டொலர் கூடினாலும் றப்பரையே எடுங்கள். வினைல் மைனஸ் 15இல் விறைத்துத் தடியாகிவிடும், பிறகு சீமெந்தின் மேடுபள்ளத்தில் உட்காராது. பழையதை இழுத்து எடுத்து, தண்டவாளத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, புதியதை வழுக்கவிட்டுச் செருகினால் வேலை முடிந்தது. ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க வேண்டும். தனியாகச் செய்யப் போகாதீர்கள்.

பக்கங்களுக்கும் மேலுக்கும் மெல்லிய உதடு வைத்த பி.வி.சி. பட்டி விற்கிறார்கள். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, உதடு கதவில் இலேசாக மடிந்து தொடும் தூரத்தில் ஆணியடிக்க வேண்டும். அழுத்தி அடித்தால் கதவு உரசும். மோட்டருக்குத் தேவையில்லாத சிரமம். முதலில் ஆணிகளைப் பாதி மட்டும் அடித்து, கதவை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு முழுதாக அடியுங்கள். சீமெந்துத் தரை நடுவில் பள்ளமாக இருந்து அடி றப்பர் எட்டாவிட்டால், தரையிலேயே ஒட்டும் வாசற்படி றப்பர் ஒன்று இருக்கிறது. அதற்குத் தரை காய்ந்திருக்க வேண்டும், பசைக்குக் கொஞ்சம் வெப்பமும் வேண்டும். மார்கழியில் அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு கதவு இருக்கிறது, அதை நீங்கள் எழுதவேயில்லை. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் சிறிய கதவு. ஒன்ராறியோவின் கட்டட விதிப்படி அது இறுக்கமாகச் சாத்தவேண்டும், சுற்றிவர றப்பர் இருக்கவேண்டும், தானாகச் சாத்திக்கொள்ளவும் வேண்டும். எங்கள் ஆட்களின் வீடுகளில் நான் காண்பது, தானாகச் சாத்தும் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருப்பார்கள், அல்லது செருப்பு ராக்கையை முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். சாமான் தூக்கிக்கொண்டு வரும்போது கதவு முதுகில் அடிக்கிறது என்பது புரிகிறது. ஆனால் அந்த விதி வந்தது வீட்டில் தூங்குபவர்களுக்காக. குளிர் மட்டுமா அந்தக் கதவால் வருகிறது? கார்ப் புகையும் பெற்றோல் ஆவியும் அதே வழியால்தான் வருகின்றன. கராஜ் ஒட்டிய வீடுகளில் உள்காற்றில் பென்சீன் சேர்வதற்குக் கராஜே முக்கிய காரணம் என்று கனேடிய சுகாதாரத் திணைக்களமும் சொல்கிறது. ஆகவே றப்பர் வாங்கும் அதே நாளில் இந்தக் கதவுக்கும் ஒரு சுற்று வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. வெள்ளிக் குமிழ்ச் சுருளா, ஃபோமா?

சுருள் வேண்டாம். பெட்டியில் ஆர்-8 என்று போட்டிருப்பது, அந்தப் பளபளப்பான முகத்துக்கு முன்னால் அசையாத காற்று இடைவெளி இருந்தால் கிடைக்கும் கணக்கு. குமிழ்ச் சுருளுக்குத் தன்னளவில் உள்ளது சுமார் ஆர்-1. தகரத்தில் நேரே ஒட்டினால் அந்தப் பக்கத்தில் இடைவெளி எங்கே? நடுவில் சட்டம் வைத்து இடைவெளி விட்டுப் பொருத்தினாலும், இலேசாகக் காற்று ஓடினாலே பலன் போய்விடும். வெயில் கொளுத்தும் இடங்களில் கூரைக்கு அடியில் அதற்கு வேலை இருக்கிறது. மைனஸ் 15இல் ஒரு தகரக் கதவுக்கு அது காசுக்கேற்ற சாமான் கிடையாது.

ஃபோமில் மூன்று வகை கடையில் கிடைக்கும். வெள்ளையாக, சிறு மணிகள் சேர்ந்த மாதிரி இருப்பது அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-4. இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ வரும் இறுக்கமான பலகை ஆர்-5. இரண்டு பக்கமும் அலுமினியப் படலம் ஒட்டி, உள்ளே மஞ்சளாக இருக்கும் பொலிஐசோ ஆர்-6 என்று விற்கிறார்கள்; கடுங்குளிரில் அதன் சக்தி கொஞ்சம் இறங்கும், ஆனாலும் மோசமில்லை. வெறும் கராஜாக இருந்தால் விலை குறைந்த வெள்ளையைப் பற்றியும் பேசியிருப்பேன். மாமி அங்கே எண்ணெய் கொதிக்க வைக்கிறார் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாமே ஒரே குடும்பம்: நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும், கறுத்த புகையைக் கக்கும். பொலிஐசோ உருகிச் சொட்டாது, கரியாகும். ஆகவே உங்களுக்குப் படலம் ஒட்டிய பொலிஐசோ. அதிலும், மேலே வேறொன்றும் மூடாமல் திறந்தபடி விடலாம் என்று தயாரிப்பாளரின் தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாப் பலகைக்கும் அந்த அனுமதி இல்லை. கராஜ் கதவுக்கென்றே வெட்டி, முகப்பில் படலமோ வினைலோ ஒட்டி வரும் பெட்டிகளும் உண்டு; வேலை இலகு. ஆனால் ஒரு பெட்டி ஒற்றைக் கார்க் கதவுக்குத்தான் வரும், உங்களுக்கு இரண்டு வேண்டும், அது உங்கள் 300ஐ ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும்.

வாங்குமுன் கதவின் உட்புறத்தைப் பாருங்கள். குறுக்கே நான்கு பகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 21 அங்குல உயரம். ஒவ்வொரு பகுதியையும் நெடுக்குத் தகரச் சட்டங்கள் கட்டங்களாகப் பிரிக்கும். சட்டத்தின் விளிம்பு உள்ளே மடிந்திருக்கும்; ஃபோமைச் செருகி நிறுத்துவதற்கு அந்த மடிப்புத்தான் உதவி. தகரத்திலிருந்து சட்டத்தின் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு அங்குலம் இருந்தால் ஒன்றரை அங்குலப் பலகை. ஒன்றரைக்குக் கீழே இருந்தால் ஓர் அங்குலப் பலகை. சட்டத்தைவிட வெளியே தள்ளி நிற்கிற ஃபோம் கதவு வளைந்து மேலே போகும்போது எங்காவது இடித்துக் கழன்றுவிடும். நாலடிக்கு எட்டடிப் பலகையை நீளவாக்கில் வெட்டினால் ஒரு பகுதிக்குப் போதுமான இரண்டு கீற்று வரும், கொஞ்சம் மிச்சம் விழும். உங்கள் கதவுக்கு எட்டுக் கீற்று, அதாவது நான்கு பலகை. காரில் ஏற்ற முடியாவிட்டால் கடையிலேயே பாதியாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அளவுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், கால் அங்குலம் வித்தியாசம் இருக்கும். நீளமான பிளேட் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். நின்று நின்று அறுத்தால் விளிம்பு பிய்ந்துபோகும். அகலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, பலகையை இலேசாக வளைத்து இரண்டு பக்க மடிப்புக்குள்ளும் செருகுங்கள். பொலிஐசோ அவ்வளவாக வளையாது, உடைந்துபோகும் போலிருந்தால் வற்புறுத்தாதீர்கள். சரியான அளவுக்கு வெட்டி ஒட்டிவிடுங்கள். தகரத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஃபோமுக்கு என்று குறிப்பிட்ட பசையை மட்டும் வாங்குங்கள், சாதாரணக் கட்டுமானப் பசைகள் சில ஃபோமைத் தின்றுவிடும். பிறகு விளிம்பு நெடுக அலுமினிய டேப். அந்த டேப்பை அழகுக்காக என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பனி அப்பிய கார் உள்ளே வந்து உருகும்போது கராஜின் காற்று ஈரமாகிறது. அந்த ஈரக் காற்று ஃபோமுக்குப் பின்னால் புகுந்தால் குளிர்ந்த தகரத்தில் தண்ணீராகப் படியும், நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் துரு பிடிக்கும். கீழ்ப் பகுதியில் ஏற்கெனவே துரு இருந்தால் அதைச் சுரண்டி மை பூசிவிட்டுத்தான் ஃபோம் வைக்கவேண்டும்.

பிணைச்சல்களின் மேல் ஃபோம் வரக்கூடாது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே உள்ள மூட்டைத் தாண்டியும் வரக்கூடாது. இடுக்கு நிரப்ப டின்னில் வரும் ஃபோமைப் பயன்படுத்துவதானால் கதவு, ஜன்னலுக்கு என்று போட்ட மென்மையான வகை மட்டும். மற்றது வீங்கும்போது மெல்லிய தகரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும், பிறகு கதவின் முகத்தில் அந்த மேடு நிரந்தரம்.

எடை கூடுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கதவு நூறு இறாத்தலுக்கு மேல் நிறை. மோட்டர் அதைத் தூக்குவதாக நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங். கதவின் எடைக்கு அளந்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை அங்குல வெள்ளை ஃபோம் என்றால் முழுக் கதவுக்கும் 15 இறாத்தல்போலக் கூடும், பொலிஐசோ என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஆகவே ஃபோம் வைப்பதற்கு முன்பு ஒருமுறை, வைத்த பிறகு ஒருமுறை சோதியுங்கள். கதவு முழுதாகக் கீழே சாத்தியிருக்கும்போது மட்டும் மோட்டர்ப் பக்கத்தில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவை மோட்டரிலிருந்து விடுவியுங்கள். மேலே இருக்கும்போது இழுத்தால், ஸ்பிரிங் பழுதாக இருக்கும் பட்சத்தில் கதவு தலையில் விழும். பிறகு கையால் தூக்கி இடுப்பளவில் விடுங்கள். அந்த இடத்திலேயே நின்றால் நல்லது. சரசரவென்று இறங்கினால் ஸ்பிரிங்கைக் கூட்ட ஆள் கூப்பிடவேண்டும். கணவரோ, யூடியூப் பார்த்த மச்சானோ அந்த ஸ்பிரிங்கில் கை வைக்கக் கூடாது. முறுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் எலும்பு முறியும், உயிரும் போகலாம். ஃபோம் வைக்குமுன்பே கதவு இறங்கினால், முதலில் காசு போகவேண்டிய இடம் ஸ்பிரிங்தான். ஃபோம் அடுத்த வருடம் வரலாம்.

மோட்டரைத் திரும்பப் பூட்டிய பிறகு ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டு ஒன்றைக் கதவு வந்து இறங்கும் இடத்தில் படுக்க வைத்துக் கதவைச் சாத்துங்கள். மரத்தில் பட்டவுடன் கதவு திரும்பி மேலே போகவேண்டும். போகாவிட்டால் அந்தக் கதவைப் பொத்தானால் இயக்காதீர்கள், வீட்டில் பிள்ளை இருக்கிறது.

இனி மாமியின் சமையல். அடுப்பு காஸா, மின்சாரமா என்று நீங்கள் எழுதவில்லை. காஸ் என்றால், இந்த ஒரு விசயத்தில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்: கராஜுக்குள் இனி அது எரியக்கூடாது. இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்காததற்கு ஒரு காரணம் அந்த இடுக்குகளாகவும் இருக்கலாம். நீங்கள் இப்போது அவற்றை அடைக்கப் போகிறீர்கள். காஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, கண் எரியாது. மாமிக்குத் தலையிடிக்கும், குளிர் பட்டது என்று நினைப்பார், ஒரு பனடோல் போட்டுக்கொண்டு தொடர்ந்து பொரிப்பார். நேர் மேலே பேத்தி தூங்குகிறாள். 2008 டிசம்பரில் இதே மாகாணத்தில், வுட்ஸ்டொக் நகரில், புகைப்போக்கி அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் நான்கு பேரும் இந்த வாயுவால் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அதன் பிறகே, 2013இல், அந்தக் குடும்பத்தின் பெயரில் ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் வந்தது. வீட்டோடு கராஜ் ஒட்டியிருந்தால் படுக்கையறைகளுக்கு அருகே அந்தக் கருவி இருக்கவேண்டும் என்பது 2014இலிருந்து ஒன்ராறியோவில் கட்டாயம். மகளின் அறை வாசலில் ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அடியில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும்; முடிந்திருந்தால் றப்பருக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

மீன் மணம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான் மாமி அங்கே போகிறார், எனக்குத் தெரியும். மின்சார அடுப்பு என்றால் கார் வெளியே நிற்கும்போது, பெரிய கதவை ஓரடி உயர்த்திவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பொரிக்கலாம். அடுப்பு ஃபோம் வைத்த கதவுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. பக்கச் சுவரோரம் தள்ளி வையுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் நெருப்புக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்று தொங்கட்டும். காஸ் சிலிண்டரைக் கராஜில் வைக்கவேண்டாம், வெறும் சிலிண்டர் என்றாலும். நல்ல இழுவையுள்ள புகைவிசிறி ஒன்றைக் குசினியில் வெளியே போகும்படி பூட்டினால் மாமி கராஜுக்குப் போகவே தேவையிருக்காது. மாமியின் வயதுக்கு அதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம். காரையும் கராஜுக்குள் நிறுத்தி வைத்துச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும். எஞ்சினை எழுப்பியதும் வெளியே எடுத்துவிடுங்கள்.

இடையில் ஒரு சின்ன விசயம். கராஜில் பழைய குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ் என்று ஒன்றாக உள்ள பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தைப் பார்க்கும் கருவி ஃப்ரிட்ஜ் பகுதியில்தான் இருக்கும். கராஜ் பூச்சியத்துக்கு இறங்கும்போது, போதுமான குளிர் இருக்கிறது என்று அது நினைத்துக் கம்ப்ரெசரை நிறுத்திவிடும். மேலே உள்ள மீன் மெல்ல மெல்ல இளகும். கதவுக்கு ஃபோம் வைத்தால் இந்தத் தொல்லை குறையலாம், போய்விடும் என்று சொல்ல முடியாது.

செலவுக் கணக்கைப் பார்த்தால், அடி றப்பர், பக்கப் பட்டி, சின்னக் கதவின் றப்பர், டேப், கோக்கிங் எல்லாம் சேர்த்து 100 டொலரை ஒட்டி வரும். நான்கு பலகையும் பசையும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கடைக்குக் கடை விலை மாறும், அதனால் பலகைக்குக் காசு குறைந்தால் கதவின் கீழ் இரண்டு பகுதிக்கு மட்டும் வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். பாதிக் கதவில் எடை கூடிப் பாதி வெறுமையாக நிற்பதைவிட, றப்பர் வேலையோடு இந்த வருடத்தை முடித்துவிடுவது மேல். பசையும் டேப்பும் 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வடிவாகப் பிடிக்கும். ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் நாள் நீள விடுமுறைக்குள் கதவு வேலையை முடித்துவிடப் பாருங்கள்.

முதல் கடுங்குளிர் இரவு வந்ததும் நான் சொன்னபடி மகளின் அறைத் தரையையும் சூட்டுக்காற்று வாயையும் அளந்து எண்களை அனுப்புங்கள். கராஜ் கூரையில் பெட்டிபோல் கீழே இறங்கி வரும் பகுதி ஏதாவது இருந்தால் அதன் படமும் வேண்டும், குழாய் அதற்குள்தான் ஓடும். கூரை வேலைக்கு யாரிடமாவது விலை கேட்பதென்றால் அதற்குப் பிறகு கேளுங்கள். எத்தனை துளை, என்ன நிரப்புகிறார்கள், துளைகளை யார் மூடிப் பூசுவது என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.